பலா அடிக்கட்டையும் கொழும்பின் வாங்கும்

கொழும்புத் தமிழர் வாங்கு என வழங்கும் நீண்ட மர இருக்கை, 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் தச்சுமரபால் செழுமை பெற்றது. கொட்டாஞ்சேனையை அடுத்து அவர்கள் கட்டி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தில் அக்காலத் தளபாடங்கள் இன்றும் உள்ளன. தச்சுக்குப் பெயர்பெற்ற மொறட்டுவையை வெள்ளவத்தையோடு இணைத்த கரையோர ரயில் பாதை, 1877இல் பாணந்துறை வரை நீண்டது.

நேரிய பலகைகள் பட்டறைக்குப் போக, வளவில் எஞ்சும் பலா அடிக்கட்டை எளிய வாங்குக்குப் போதுமானது. வைரம் எனப்படும் மஞ்சள்நிற நடுமரம் கறையானை எதிர்த்து நிற்கும். அதைச் சூழ்ந்த வெளிறிய புறமரமோ விரைவில் உளுத்துவிடும் என்பதால், பட்டையோடு அதனையும் செதுக்கி நீக்குவது முறை. வெட்டுமுகத்தில் திறந்திருக்கும் நார்த்துளைகள் மழைநீரை உறிஞ்சுவதால், மேற்பரப்பைச் சற்றுச் சரிவாக இழைப்பதும், வேரறுத்த கட்டையாயின் கருங்கல்மீது இருத்துவதும், கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடிக்குமாகையால் இரு கட்டைகளின்மேல் ஏற்றும் பலகையை மரமுளையால் பிணைப்பதும் நன்று. அலங்காரத்தைவிட இந்த நீர்வடிப்பே வாங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எனினும் அடிக்கட்டை எளிதில் கிடைப்பதன்று; பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.