பெயர் மாறிய வாசகங்கள்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் போனால், வயல்களுக்கு நடுவே சொறிக்கல்முனை வரும். திருச்சிலுவை ஆலயத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கிராமம். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எழுத்துக்கலை பற்றிப் பெரியவர்கள் சொன்ன வாசகங்களை ஒரு கொப்பியில் சேர்த்து வைத்திருக்கிறார். வாரமலர்களிலும் பழைய சஞ்சிகைகளிலும் கண்டவை. ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயர் உண்டு. எந்த நூல், எந்த ஆண்டு என்பது மட்டும் இல்லை. "தம்பி, பெயரெல்லாம் சரிதானா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் தந்தார்.

மார்க் ட்வைன் பெயரில் இருந்ததை முதலில் எடுத்தேன். சுருக்கி எழுத நேரம் கிடைக்கவில்லை, அதனால்தான் கடிதம் நீண்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் பிரபலமான வாசகம். ட்வைன் பிறந்தது 1835இல். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலோ இதை 1656 டிசம்பர் 4ஆம் திகதியிட்ட கடிதத்திலேயே எழுதிவிட்டார். இயேசுசபையினரின் அறநெறி விளக்கங்களைத் தாக்கி அவர் புனைபெயரில் வெளியிட்ட பதினெட்டுக் கடிதங்களில் அது பதினாறாவது. அடுத்த ஆண்டே அவை ஆங்கிலத்தில் வந்தன. திருச்சபையின் தடைநூல் பட்டியலிலும் அதே ஆண்டில் ஏறின.

இடமும் காலமும் தெரிந்ததும் வாசகத்தின் நிறமே வேறாகிவிட்டது. ட்வைன் வாயில் அது கெட்டிக்காரத்தனமான பகிடி. பாஸ்கலோ அச்சகங்கள் சோதனையிடப்பட்ட நாட்களில் மறைந்திருந்து எழுதியவர். அவருக்கு உண்மையிலேயே நேரம் இருக்கவில்லை. அவர் எதிர்த்த சபையின் பிரெஞ்சுத் துறவிகள்தாம் பின்னாளில் நம் மட்டக்களப்புப் பகுதிக்கு வந்து கல்வி வளர்த்தார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பிற்காலத்தில் யாழ்நூல் தந்த சுவாமி விபுலாநந்தர், அவர்களுடைய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். பாஸ்கலின் வசையை வாங்கிய சபைக்கு இந்தக் கரையில் இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வில்லியம் ஃபோக்னர் பெயரில் இருந்தது, எழுதியவனுக்கு மிகப் பிடித்த அலங்கார வரிகளை அவனே வெட்டி எறிய வேண்டும் என்ற அறிவுரை. உண்மையில் அது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் குவில்லர்-கூச் 1914இல் நடை பற்றி ஆற்றிய விரிவுரையில் மாணவர்களுக்குச் சொன்னது. விரிவுரைகள் 1916இல் நூலாயின. இதன் மூலத்தைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

ஹெமிங்வேதான் நீண்ட நாள் இழுத்தடித்தார். தட்டச்சுப்பொறி முன் அமர்ந்து நரம்பைத் திறந்து இரத்தம் சிந்துவதே எழுத்து என்ற கருத்தை அவருடைய நூல்களிலும் கடிதங்களிலும் தேடிப் பயனில்லை. 1946இல் பால் காலிகோ ஏறக்குறைய இதையே எழுதியிருக்கிறார். 1949இல் பத்தி எழுத்தாளர் வால்டர் வின்செல், ரெட் ஸ்மித் சொன்னதாக இதைப் பதிந்திருக்கிறார். காலிகோவும் ஸ்மித்தும் விளையாட்டுச் செய்தி எழுதிப் பெயர் பெற்றவர்கள். நாள்தோறும் பத்தி எழுதுவது பெரும் சுமை இல்லையா என்று கேட்டவருக்கு ஸ்மித் தந்த பதிலாகவே வின்செல் அதைக் காட்டுகிறார். காலக்கெடுவுக்குள் எழுதித் தீர வேண்டியவரின் சொல், நோபல் பரிசுக்காரரின் வீரவசனமாக மாறியதை என்னால் ஏற்க முடியவில்லை. உழைப்பாளியின் சொல்லை உழைப்பாளியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் தமிழ். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: தொல்காப்பியர். கூறியது கூறல் குற்றம், மாறுகொளக் கூறல் குற்றம், சென்றுதேய்ந்து இறுதல் குற்றம் என்று வரிசையாகப் போகிறது. முதல் இரண்டும் சரி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியலில் நூலுக்குரிய குற்றங்களாக வருபவை அவை. மூன்றாவது அங்கே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், சீயகங்கன் ஆதரவில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில்தான் அது இருக்கிறது. வலுவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடியும் எழுத்தைக் குறிப்பது. தொடர்கதை படித்த எவருக்கும் இந்தக் குற்றம் நன்றாகப் புரியும்.

இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். குன்றச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முரணாகச் சொல்வது நான்கும் இரண்டிலும் உண்டு. நன்னூல் நூலின் அமைப்பையும் பயனையும் கூடுதலாக ஆராய்கிறது. தொல்காப்பியமோ கேட்பவரை மறக்கவில்லை. கேட்போருக்கு இனிமையற்ற யாப்பு ஒரு குற்றம். மனங்கோள் இன்மை, அதாவது எப்படிச் சொன்னாலும் மனம் பற்றிக்கொள்ளாத எழுத்து, இன்னொரு குற்றம். கொப்பியில் அது இல்லை. நான் இந்தத் தேடலில் கண்டவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். இலக்கணம் தவறாமல், முரண் இல்லாமல், அளவாக எழுதியும் ஒருவர் தோற்கலாம் என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே குற்றமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

மரபியலின் உரையைத் திறந்தபோது இன்னொரு பெயர் மாற்றம் எதிர்ப்பட்டது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளோடு போராடி 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றியபோது முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே வெளியிட்டார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியர் என்ற வேறோர் உரையாசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர்கள் அகச்சான்று காட்டி நிறுவினார்கள். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய வேறு உரையும் பிறகு கிடைத்தது. தாமோதரம்பிள்ளை மீது எனக்குக் குறையே இல்லை. அவர் அச்சிட்டு வைத்ததால்தான் மற்றவர்கள் ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது.

வாசகங்களில் ஒன்றையும் அடிக்காமல், ஒவ்வொன்றின் கீழும் நூல், இடம், ஆண்டு மூன்றையும் பென்சிலால் சேர்த்துக் கொடுத்தேன். ஆசிரியர் ஹெமிங்வே பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு ரெட் ஸ்மித் எழுதியவை தமிழில் கிடைக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "அப்ப ஒண்டையாவது நீங்களே தமிழில எழுதித் தாங்க தம்பி" என்றார்.