மூளைக்குள் ஒரு கடற்குதிரை

1901-ஆம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் 51 வயதுப் பெண்மணி ஒருத்தி சேர்க்கப்பட்டாள். பெயர் ஆகுஸ்டே டேட்டர். கணவர் ரயில்வே குமாஸ்தா. ஒழுங்காகக் குடித்தனம் நடத்தி வந்தவள், முதலில் கணவர் மேல் காரணமில்லாமல் சந்தேகப்பட்டாள். பிறகு சாமான்களை எடுத்து எங்கெங்கோ ஒளித்து வைத்தாள். பிறகு சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் தடுமாறினாள்.

மறுநாள் ஒரு டாக்டர் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெயர் என்ன என்று கேட்டார். ஆகுஸ்டே என்றாள். குடும்பப் பெயர்? அதற்கும் ஆகுஸ்டே. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் ஆகுஸ்டே என்றே சொன்னாள். மத்தியானம் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் தின்றுகொண்டிருந்தவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, கீரை என்றாள். கேள்வியையும் பதிலையும் டாக்டர் அப்படியே எழுதி வைத்தார். சம்பாஷணை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மனுஷி கண்ணெதிரே கரைந்து போவதை இவ்வளவு சிக்கனமாக எழுத எங்களில் பலருக்கு வராது.

அந்த டாக்டர்தான் அலாய்ஸ் அல்சைமர். பின்னர் அவர் மியூனிச்சுக்கு மாறிப் போனார். ஆனாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8-ந் தேதி அவள் இறந்ததும் அவளுடைய மூளையைத் தருவித்துக்கொண்டார். மெல்லிய சீவல்களாகச் சீவி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். மூளைச் சுருங்கிக் கிடந்தது. அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஒரு படிவு. உள்ளேயோ, சிக்கு விழுந்த நூற்கண்டு போல முறுக்கிக்கொண்ட இழைகள். அந்த வருஷம் நவம்பர் 3-ந் தேதி டியூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் இதை எடுத்துச் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. 1910-இல் அவருடைய மேலதிகாரி கிரெப்பலின் தம் பாடப் புத்தகத்தில் நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். ஆகுஸ்டேயின் கோப்பு மட்டும் எங்கோ மறைந்துபோய், 1995-இல்தான் பிராங்க்பர்ட்டில் அகப்பட்டது. மறதியைப் பற்றிய காகிதத்தையே உலகம் மறந்து வைத்திருந்தது!

இந்தக் கதையில் ஒரு கொடுமை உண்டு. நோய் கண்ணுக்குத் தெரிந்தது, நோயாளி செத்த பிறகு. அதற்குப் பின்னும் வெகுகாலம் அப்படித்தான். உயிரோடிருக்கும்போது வைத்தியர் ஊகிக்கலாம். உறுதி சொல்ல வேண்டுமானால் மூளையை வெளியே எடுக்க வேண்டும். இன்னொன்று: அறுபது அறுபத்தைந்துக்கு முன்னால் வந்தால்தான் அது அல்சைமர் நோய், அதற்குமேல் வந்தால் வெறும் முதுமை என்று பெரிய டாக்டர்களே சொல்லி வந்தார்கள். 1976-இல் அமெரிக்காவில் ராபர்ட் காட்ஸ்மன் என்ற நரம்பு வைத்தியர், இரண்டும் ஒரே வியாதிதான், முதுமையின் பெயரால் கொல்வதும் இதுதான் என்று எழுதிய பிறகே மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது.

எங்கள் அயோத்தியாப்பட்டணம் இன்னும் முழுக்க விழித்துக்கொள்ளவில்லை. கோதண்டராமர் கோவில் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தறி நெய்தவர், வயது எழுபத்தாறு. விளக்கு வைக்கும் வேளையானால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நேரமாச்சு, வூட்டுக்குப் போகோணும்” என்று கிளம்பிவிடுவார். அவர் நிற்பதே அவருடைய வீட்டில்தான். இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்புகிற வழியில் ராமபிரான் இங்கே தங்கிப் பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது எங்கள் ஊர்க் கதை. வீட்டுக்குப் போகிற வழியில் வந்த பெயர் ஊருக்கு; அதே ஊரில் வீடு தெரியாமல் நிற்கிறார் இவர்.

டாக்டரிடம் காட்டச் சொன்னேன். “வயசான கட்டைங்கண்ணா, மறக்காம என்ன பண்ணும்? படம் புடிச்சா ஞாபகம் வந்துருமா?” என்றான் மகன். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் மூளையைப் படம் பிடிக்க மனிதன் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரேயில் மண்டையோடு தெரிந்தது. உள்ளிருந்த மூளை தெரியவில்லை. அமெரிக்க ரண வைத்தியர் டாண்டி, 1919-இல் முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி மூளையின் நீரறைகளைப் படம் எடுத்தார். நோயாளிகள் தலைவலியில் துடித்தார்கள். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில், இசைத்தட்டுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர் ஹவுன்ஸ்பீல்டு செய்த யந்திரம் முதல் சி.டி. ஸ்கேனை எடுத்தது. மூளை வெளியே தெரிந்தது. ஆனால் நுட்பமான பாகங்கள் புகைமூட்டத்தில் தெரிவது போலத்தான்.

புகையை விலக்கியது காந்தம். நம் உடம்பில் பெரும்பாகம் தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு பலமுள்ள காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்க வைத்தால் அக்குட்டிக் காந்தங்களில் ஒரு சிறு பங்கு வரிசைக்கு வந்து நிற்கும். ரேடியோ அலையால் தட்டினால் சாயும். அலை நின்றதும் நிமிரும். நிமிரும்போது மெல்லிய குரல் கொடுக்கும். கொழுப்பில் ஒரு வேகம், தண்ணீரில் ஒரு வேகம். அந்தக் குரல் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் படமாக்கலாம் என்பதைக் கண்டவர் அமெரிக்காவின் பால் லாட்டர்பர். 1973-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் வெளியிட்ட படத்தில் இருந்தது இரண்டு சிறு குழாய்த் தண்ணீர். அந்தக் கட்டுரையை முதலில் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டதாம். எழுத்தாளர்கள் ஆறுதல் கொள்ளலாம். 1977 ஜூலை 3-ந் தேதி டமேடியன் என்பவர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போராடி மனித மார்பு ஒன்றைப் படம் எடுத்தார். 2003-இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டுக்கும் போனது. விட்டுப்போன டமேடியன் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார். நம் நாட்டில் முதல் எம்.ஆர்.ஐ. யந்திரம் 1986-இல் டெல்லியில், ராணுவ ஆராய்ச்சியைச் சேர்ந்த அணு மருத்துவ நிலையத்தில் நிறுவப்பட்டது.

சரி, அந்தப் படத்தில் எதைத் தேடுகிறார்கள்? காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு வளைவுகள் உண்டு. 1587-இல் இத்தாலிய வைத்தியர் அரான்சியோ அதைக் கடற்குதிரைக்கு ஒப்பிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற பெயர் அப்படி வந்தது. அதன் வேலை என்ன என்பது 1953-இல் விபரீதமாகத் தெரிந்தது. வலிப்பு நோயைத் தீர்க்க ஓர் அமெரிக்க இளைஞருக்கு இரு பக்கமும் அப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008-இல் இறக்கும் வரை அவருக்குப் புதிதாக ஒரு முகமும் மனதில் நிற்கவில்லை. பழைய நினைவுகள் மட்டும் இருந்தன. அல்சைமர் நோய் முதலில் கை வைப்பதும் இந்தக் கடற்குதிரையிலும் அதன் வாசற்படியிலும்தான். காலையில் சாப்பிட்டது மறந்து, கல்யாணத்துக்கு வந்த மொய் ஞாபகம் இருப்பது இதனால்தான்.

1992-இல் ஹாலந்து நாட்டு டாக்டர் ஷெல்டன்ஸ், படத்தைப் பார்த்தே இந்தச் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மார்க்குப் போடும் முறையை வகுத்தார். நல்ல முதியவருக்கும் கடற்குதிரை இளைக்கும், வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாக. அல்சைமர் நோயாளிக்கு நாலு, ஐந்து சதவீதம். ஆனால் சுருக்கம் வேறு வியாதிகளிலும் உண்டு. நோயின் படிவும் சிக்கலும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதில்லை, அவற்றின் அடிச்சுவடுதான் தெரிகிறது. ஆகவே படம் ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, பேரன் பெயர் என்ன என்று கேட்கும் வைத்தியர் இன்றும் வேண்டும்.

பின் படம் எதற்கு? மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. திண்ணையில் இடறித் தலையில் இடித்துக்கொண்ட கிழவிக்கு, மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்துப் புத்தி தடுமாறும். படத்தில் அது பளிச்சென்று தெரியும். துளை போட்டு வடித்துவிட்டால் பழையபடி நடமாடக் கூடும். மூளை அறைகளில் நீர் கோத்துக்கொள்வது, கட்டி, சிறுசிறு பக்கவாதங்கள் இவையும் அகப்படும். வயசுதான் காரணம் என்று திண்ணையில் உட்கார வைத்த எத்தனை பேர் இப்படி வீணாகப் போனார்களோ!

பெரியவரை ஒருவழியாகச் சேலத்துக்கு அழைத்துப் போனோம். அரைஞாணிலிருந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றுவதற்குள் பெரிய ரகளை. (பெண்களானால் தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றை மாற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.) யந்திரத்தின் படபடப்புக்கு அவர் பயப்படுவார் என்று நினைத்தோம். வெளியே வந்து, “தறி நல்லா ஓடுது” என்றார். கசிவு இல்லை; கட்டி இல்லை. இரண்டு கடற்குதிரைகளும் இளைத்திருந்தன. ஞாபகப் பரீட்சையையும் சேர்த்துப் பார்த்து, அல்சைமர் நோயாகவே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தீர்க்கும் மருந்து இல்லை. வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்து ஒன்றுக்கு 2023-இல் அமெரிக்க அரசு முழு அனுமதி கொடுத்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அது. மூளையில் வீக்கமோ கசிவோ உண்டாகலாம் என்பதால் மறுபடி மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் காவல் காக்க வேண்டும். பெரியவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் மகன் அன்று முதல் அப்பனை அதட்டுவதை விட்டான். சாயங்காலம் ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி, “வூடு வந்தாச்சுங்கப்பா” என்று அழைத்து வருகிறான்.

திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1997-இல் வெளியிட்டபோது, முதியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இத்தகைய மறதி நோய் இருந்தது. 2023-இல் வெளியான அகில இந்தியக் கணக்கோ, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்கிறது. இத்தனை பேருக்கும் அளவுகோல் எது? 2019-இல் ஹைதராபாத் தகவல் நுட்ப நிலையத்தார் நூறு இந்தியர்களின் படங்களைக் கொண்டு ஒரு மூளை வரைபடம் தயாரித்தார்கள். நம் மூளை சராசரியில் மேல்நாட்டாருடையதைவிட அளவில் சிறியது என்று தெரிந்தது. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்நியர் முழக்கோலால் நம்மை அளந்தால் நல்ல மூளையும் சுருங்கினதாகத் தோன்றக்கூடும், அவ்வளவுதான்.

கோலார் ஜில்லாவில் சீனிவாசபுரம் என்று ஒரு தாலுகா. மாம்பழத்துக்குப் பேர்போனது, சேலத்துக்காரன் இதை ஒப்புக்கொள்வது கஷ்டம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து மூளை ஆராய்ச்சி நிலையத்தார் 2018 முதல் அங்கே ஒரு பெரிய காரியம் செய்து வருகிறார்கள். 45 வயது தாண்டிய, மறதி நோய் இல்லாத கிராமவாசிகள் 10,000 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாபக சக்தி, ரத்தம், மூளைப் படம் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்த்து வருவது என்று திட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏற்ற பரீட்சைகள். ஆகுஸ்டே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளுடைய மூளை அதற்கு முன் எப்படி இருந்தது என்று சொல்ல யாருமில்லை. சீனிவாசபுரத்துக் குடியானவர் ஒருவர் என்றைக்காவது பேரன் பெயரை மறந்து நின்றால், மறக்காதிருந்த காலத்துப் படம் அங்கே இருக்கும்.