மாற்றத்துக்கு அஞ்சாத நிரல்கள்

1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் என்னும் மலையடி நகரிலே, கணினி வல்லுநர் ஐம்பதின்மர் வரையில் ஒன்றுகூடினர். அவர்களை வருத்திய பொருள் விநோதமானது. கணினிகள் ஆண்டுதோறும் விரைவு பெற்றுவந்தன. அவற்றை இயக்கும் நிரல்களோ குறித்த காலத்தில் முடிவதில்லை. முடிந்தவற்றிலும் பிழை மலிந்திருந்தது. ஓரிடத்திற் செய்த திருத்தம் வேறோரிடத்தைப் பழுதாக்கிற்று. எழுதியவர் விலகிச் சென்றபின் அந்நிரலைத் தொடவே பிறர் அஞ்சினர். 'மென்பொருள் நெருக்கடி' என்ற தொடர் அக்காலத்தே வழக்கில் வந்தது.

இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்று, வேறொரு தேவை பற்றி, நோர்வே நாட்டில் அதற்கு முன்னரே உருவாகியிருந்தது. ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணித்தல் நிலையத்தில் ஒலே யோஹான் டால், கிறிஸ்டன் நூகோர்ட் என்னும் இருவர், உலக நிகழ்ச்சிகளைக் கணினியிலே போலச் செய்து காண முயன்றனர். பாலமொன்றின் சுங்கச் சாவடியிற் கார், பஸ், லொறி என்பன வரிசையாக நிற்பதாகக் கொள்க. வரிசையில் நிற்றல் யாவற்றுக்கும் பொது. ஆயின் லொறிக்குச் சுமையுண்டு. பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. பொதுவானதை ஒருமுறை மாத்திரம் எழுதிவிட்டு, சிறப்பானதை அதனோடு சேர்த்துக்கொள்ளலாகாதா? இவ்வினாவின் விடையாக 1967இல் சிமுலா 67 என்னும் மொழி தோன்றியது. வகுப்பு, அதினின்று கிளைக்கும் துணைவகுப்பு, வகுப்பின்வழிப் பிறக்கும் பொருள் ஆகியன அதிலே இடம்பெற்றன. தரவும், அத்தரவின்மீது நிகழும் தொழிலும் ஒரே கூட்டுக்குள் அடங்கின.

கருவி கிடைத்தாயிற்று, அதனை எவ்வாறு கையாள்வது? நிரலொன்றை எங்கே வெட்டிக் கூறாக்குவது? இதற்குத் தெளிந்த விடை பகர்ந்தவர் டேவிட் பார்னஸ். 1972 டிசெம்பரில் வெளிவந்த அவரது கட்டுரை அளவிற் சிறியது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் எளியதே. 'பழைய நகரத்துக் கதைகள்' என்றொரு தலைப்பு உண்டெனின், அதனை 'நகரத்துக் கதைகள் பழைய' எனவும், 'கதைகள் பழைய நகரத்து' எனவும் சுழற்றி, இவ்வாறு பெற்ற வரிகள் அனைத்தையும் அகர வரிசைப்படுத்தித் தரவேண்டும். வழக்கமான முறை யாதெனின், உள்ளிடல், சுழற்றல், வரிசைப்படுத்தல், அச்சிடல் என வேலையின் படிகளையே கூறுகளாக்குவது. படிப்பவருக்கு இது மிக இயல்பாகவே தோன்றும். ஆனால் வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையை ஒருநாள் மாற்ற நேர்ந்தால், அம்முறையை எல்லாக் கூறுகளும் அறிந்திருப்பதால், எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாகும்.

பார்னஸ் வேறு வழி காட்டினார். பின்னர் மாறக்கூடிய முடிவுகள் எவையென முதலில் எண்ணுக; அவை ஒவ்வொன்றையும் ஒரு கூறினுள் மறைத்துவிடுக என்றார். உணவு கேட்பவர், அடுப்பில் எரிவது விறகா மண்ணெண்ணெயா என அறியவேண்டியதில்லையன்றோ! வரிகளைச் சேமிக்கும் கூறு ஒன்றே அச்சேமிப்பு முறையை அறியும். மற்றவை அதனிடம் கேட்டுப் பெறும். மாற்றம் வந்தாலும் ஒரு கூறோடு நின்றுவிடும். இம்முறையைக் கவனமின்றிச் செயற்படுத்தினால் நிரலின் வேகம் குன்றக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த நேர்மை அக்கட்டுரையின் சிறப்புக்களுள் ஒன்று.

பின்வந்தோர் இதன்மேற் கட்டினர். பெட்ராண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட நூலில், ஒரு கூறு விரிவுக்குத் திறந்தும் திருத்தத்துக்கு மூடியும் இருத்தல் வேண்டும் என்றார். அதற்கு முந்திய ஆண்டில் பார்பரா லிஸ்கோவ் என்னும் அமெரிக்கப் பேரறிஞர், துணைவகுப்புக்கு ஓர் எல்லை வகுத்தார்: தாய்வகுப்பின் இடத்தில் அதனை வைத்தாலும் நிரல் பிழையின்றி நடைபெற வேண்டும். சதுரம் ஒரு செவ்வகமே என்பது கேத்திரகணிதத்தில் உண்மை. ஆயினும் அகலத்தை மாத்திரம் மாற்றலாம் என்றிருக்கும் செவ்வக வகுப்புக்குச் சதுரத்தைப் பிள்ளையாக்கினால் நிரல் தவறும்.

மரபுரிமை இனிய கருவியாதலின் பலர் அதனை அளவின்றிக் கையாண்டனர். தலைமுறை தலைமுறையாய்க் கிளைத்த வகுப்புக்களில், பாட்டன் வகுப்பைத் தொட்டாற் பேரன் வகுப்பு முறிந்தது. இதனாலேயே 1994இல் வடிவமைப்பு முறைகள் இருபத்துமூன்றைத் தொகுத்தளித்த நூலாசிரியர் நால்வரும், மரபுரிமையிலும் பார்க்கப் பொருள்களை ஒன்றோடொன்று இணைத்தலையே விரும்பி ஏற்குமாறு கூறினர்.

டாலுக்கும் நூகோர்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் டால் காலமானார். ஆறு வாரங்களின் பின், ஓகஸ்ட் மாதத்தில், நூகோர்டும் மறைந்தார்.