விதுர வர்மமும் காதெலும்புக் கட்டி அறுவையும்

சென்னையில் இந்திய மருத்துவ வரலாறு எழுதுவோர் பலரும் கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி வகுத்த தடத்திலேயே நடக்கிறார்கள். மேலை மருத்துவம் பயின்ற அவர், இந்திய மருத்துவ முறைகளை ஆராய 1921இல் அமைந்த உஸ்மான் குழுவின் செயலாளர். பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநர். அக்குழுவின் 1923ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்ற அவருடைய நெடிய குறிப்புரை, நம் மருத்துவத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்று துணிந்து வாதிட்டது. அறுவையைப் பொறுத்தவரை அந்த மரபின் வாசிப்பு இது: ஒருகாலத்தில் ஓங்கியிருந்த கலை பின்னர் தேய்ந்தது, மேலை அறுவையைக் கற்பது இழந்ததை மீட்பதே. மூக்கு ஒட்டுக்கு இது பொருந்தும். காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்புக்கும் அங்கே வளரும் கட்டிகளுக்கும் பொருந்தாது என்பதே என் வாதம்.

இந்த வாசிப்பை ஏற்போர் காட்டக்கூடிய வலுவான சான்று, சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் தரும் 28 காது நோய்ப் பட்டியல். அதில் கர்ணார்புதம், அதாவது காதுக் கட்டி, ஏழு வகை. ஆனால் நோய்க்காரணம் பேசும் அதே நூலின் நிதானப் பகுதி கட்டிகளை ஆறாகவே வகுக்கிறது. முக்குற்றங்களும் கலந்து எழும் ஏழாவது வகை, தலை உறுப்பு நோய்களைப் பேசும் சாலாக்கிய மரபிலிருந்து வந்தது. அடுத்து வரும் மூக்கு நோய் அத்தியாயமே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த ஏழாவது வகை, அறுத்துப் பார்த்த கை சேர்த்ததல்ல, வகைப்பாடு கேட்ட எண். சிகிச்சை அத்தியாயமும் காதுக் கட்டிக்குத் தனி முறை தராமல், முன்சொன்ன பொதுச் சிகிச்சைக்கே நம்மை அனுப்புகிறது.

அந்தப் பொதுச் சிகிச்சையில் கத்தியும் சூடும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கிழிந்த காதுமடலை ஒட்ட 15 வழிகளை வகுத்துச் சொன்ன நூல், எலும்பைத் திறக்கும் வழியை அறிந்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருக்காதா? மௌனத்தை வைத்து வாதிடுவது பலவீனம்தான். ஆனால் இங்கே நூல் மௌனமாகவும் இல்லை. உடலமைப்பைச் சொல்லும் சாரீரப் பகுதி, காதின் பின்புறம் கீழே ‘விதுரம்’ என்ற வர்மத்தைக் குறிக்கிறது. அங்கே அடிபட்டால் செவிடாகும் என்கிறது. வர்மங்களை விலக்கியே கத்தி வைக்க வேண்டும் என்பது அந்த நூலின் விதி. மாஸ்டாய்டு நுனியை ஒட்டிய இந்த இடம், மறக்கப்பட்ட அறுவைக்களம் அல்ல. கத்திக்கு விலக்கப்பட்ட எல்லை. உத்தரதந்திரம் பிற்சேர்க்கை என்று கருதுவோர் பலர். அதன் காலம் முடிவாகவில்லை. எந்தக் காலத்தில் வைத்தாலும் இந்த வாதம் மாறாது.

மேலைநாட்டிலும் மாஸ்டாய்டைத் திறக்கும் கலை பழையதன்று. சீழ் எடுக்க இவ்வெலும்பைத் திறந்த பாரிஸின் பெத்தி 1750இல் இறந்தார். அவர் நூல் வெளிவந்தது 1774இல். அறுவையை 1736இல் வைப்போரும் உண்டு; அந்த ஆண்டை நான் உறுதியாகக் கொள்ளமாட்டேன். 1791இல் டென்மார்க் அரசவை மருத்துவர் பெர்கர், காது மந்தத்துக்காக இந்த அறுவை செய்துகொண்டு மாண்டார். அதன்பின் நெடுங்காலம் அந்த எலும்பைத் தொட அஞ்சினார்கள். 1873இல் ஷ்வார்ட்சே முறைப்படுத்திய பிறகே அச்சம் தணிந்தது. அதுவும் சீழுக்காகவே. உண்மைக் கட்டி அல்லாத, எலும்பை அரிக்கும் தோல் பையான கொலஸ்டியடோமாவை அகற்றியும் கை பழகியது. மாஸ்டாய்டையும் உட்காதையும் கடந்து கேள்வி நரம்புக் கட்டியை அடையலாம் என்று 1904இல் பான்சே சொன்னார். எலும்புக்குள் ஓடும் முகநரம்பைக் காயப்படுத்தாமல் அதைச் செய்ய, 1960களில் வில்லியம் ஹவுஸின் கையில் நுண்ணோக்கியும் டிரில்லும் சேர வேண்டியிருந்தது.

சென்னையில், இத்தகைய கட்டிகளையும் கையாளும் நரம்பு அறுவையை 1950இல் பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. பின்னாளில் அவர் பணி தொடர்ந்த அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் நரம்பு அறுவை மையம், ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் பெயரைத் தாங்குகிறது. மரபுக்குச் செய்யும் மரியாதை இப்படித்தான் இருக்க வேண்டும். அதற்காக இல்லாத அறுவையை ஏட்டில் ஏற்ற வேண்டியதில்லை. காது வழியே கட்டியை அணுகும் கிளை, மயிலாப்பூருக்கு அருகே ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் மோகன் காமேஸ்வரனின் காது மூக்கு தொண்டை ஆய்வு நிறுவனத்தில் வலுப்பெற்றது.

உட்காதைக் கடந்து கட்டியை எடுத்தால் அந்தக் காதின் கேள்வி போய்விடும். விதுரம் பற்றிய எச்சரிக்கை அந்த அளவில் மெய். இரு பக்கமும் கட்டி வருவோருக்காக 1979இல் ஹவுஸும் ஹிட்செல்பெர்கரும் மூளைத்தண்டில் கேள்விக் கருவியைப் பொருத்தினார்கள். அத்தகைய கருவி ராஜா அண்ணாமலைபுரத்திலும் பொருத்தப்படுகிறது. இதை மீட்பு என்று எழுதுவது சுசுருதருக்கும் நியாயமல்ல, இந்த மருத்துவர்களுக்கும் நியாயமல்ல. கர்ணார்புதம் நோயின் வரலாற்றுக்கு உரியது. இந்த அறுவையின் வரலாற்றில் அதற்கு இடமில்லை.