பதிவான தேதி, வெளியான தேதி

பிரின்ஸ் உயிரோடு இருந்த காலத்தில் வெளியான அவருடைய ஸ்டுடியோ ஆல்பங்கள் ஏறத்தாழ 40. 1978இல் வந்த ‘ஃபார் யூ’ தொடங்கி ஆண்டுவாரியாக அவற்றை அடுக்கிக் கேட்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால், குறைந்தபட்சம் முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு, நமக்குக் கிடைப்பது வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் வியாபாரச் சரித்திரம்தான். ஓர் ஆல்பம் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது அடுத்ததை இறக்கினால் முந்தையது படுத்துவிடும் என்பது கம்பெனியின் பயம். பிரின்ஸோ டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு எல்லாவற்றையும் தானே வாசித்து, தானே பாடி, ஒரே இரவில் ஒரு பாட்டை முடித்துவிடக்கூடியவர். 1983இல் அவரிடம் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சேர்ந்த சூசன் ராஜர்ஸ், அங்கங்கே சிதறிக் கிடந்த நாடாக்களைத் தேடி ஓரிடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. ரசிகர்கள் பிற்காலத்தில் வாய்பிளந்து பேசிய அந்தப் பெட்டகத்துக்கு அதுதான் தொடக்கம்.

அடைபடாத பாட்டுகள் வேறு பெயர்களில் வெளியேறின. 1981இல் வந்த ‘தி டைம்’ குழுவின் முதல் ஆல்பத்தில் ஜேமி ஸ்டார் என்றொரு தயாரிப்பாளர் பெயர் இருக்கிறது. அப்படி ஒரு ஆசாமியே கிடையாது. மாரிஸ் டே பாடினார். வாத்தியங்களில் பெரும்பங்கு பிரின்ஸுடையது. 1986 ஏப்ரலில் அமெரிக்கத் தரவரிசையில் ‘கிஸ்’ முதலிடத்தில் இருந்தபோது இரண்டாமிடத்தில் இருந்தது பாங்கில்ஸ் பாடிய ‘மேனிக் மண்டே’. எழுதியவர் ‘கிறிஸ்டோபர்’ என்று போட்டிருந்தது. அதுவும் இவரே. ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’வின் கதை இதைவிட விசித்திரம். பிரின்ஸ் அதை ஒலிப்பதிவு செய்தது 1984இல். மறு ஆண்டு ‘தி ஃபேமிலி’ என்ற குழுவின் ஆல்பத்தில் வந்து, யாரும் கவனிக்காமல் போனது. 1990இல் ஷினேட் ஓ’கானர் பாடி உலகமே கேட்டது. 1993இல் ரோசி கெய்ன்ஸுடன் மேடையில் பாடிய வடிவத்தைப் பிரின்ஸ் வெளியிட்டார். 1984இன் மூலப்பதிவு வந்தது 2018இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. இந்தப் பாட்டை எந்த ஆண்டின் கீழ் எழுதுவது? அந்த மனிதரின் இசை எப்படி வளர்ந்தது என்று கேட்பவருக்கு 1984ஐத் தவிர வேறு விடை இல்லை.

எதை வெளியிடுவது, எதை விடுவது என்பதும் கலைஞனின் படைப்புத்தானே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. 1987 டிசம்பரில் வெளியாக இருந்த ‘பிளாக் ஆல்ப’த்தைக் கடைசி நேரத்தில் நிறுத்தியவர் பிரின்ஸேதான், கம்பெனி அச்சடித்து முடித்திருந்த தட்டுகள் அழிக்கப்பட்டன. ஆனால் அந்த மறுப்புக்கும் பொருள் கிடைப்பது, மறுத்ததை நாம் கேட்கும்போதுதான். அந்தக் கரடுமுரடான ஃபங்க் இசையைத் திருட்டுப் பதிப்பில் கேட்டவர்களுக்கு, அதற்குப் பதிலாக 1988இல் வந்த ‘லவ்செக்ஸி’யின் பக்திப் பரவசம் எதிலிருந்து விலகி ஓடியது என்று புரிந்தது. 1994இல் ‘பிளாக் ஆல்பம்’ முறைப்படி வந்தபோது அது காலம் தப்பிய சரக்கு.

கம்பெனியின் கத்தரி நல்லதே செய்தது என்பார்கள் சிலர். பாதி உண்மை. ‘கிரிஸ்டல் பால்’ என்று மூன்று தட்டுகளாக அவர் கொடுத்ததை வார்னர் ஏற்கவில்லை. சுருக்கியதில் பிறந்தது 1987இன் ‘சைன் ஓ த டைம்ஸ்’. அவர் ஆல்பங்களில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி. பெயரைத் துறந்து, கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு சண்டை போட்டு விடுதலையான பிறகு, 1996இல் அவர் கொடுத்த ‘இமான்சிபேஷன்’ மூன்று தட்டுகள், தட்டுக்குச் சரியாக ஒரு மணி நேரம், மொத்தம் 36 பாட்டுகள். போதும் என்று சொல்ல ஆள் இல்லாததன் விளைவு அதில் தெரிகிறது. இருந்தாலும், கத்தரி நல்ல ஆல்பத்தைத் தந்தது என்பதால் வெட்டிப்போட்டவை கழிவு என்று ஆகிவிடாது. பிறருக்குக் கொடுத்த பாட்டுகளை அவரே பாடிவைத்த மாதிரிப் பதிவுகள் ‘ஒரிஜினல்ஸ்’ என்று வந்தபோது அது தெரிந்தது. அட்டையில் 2019 என்று போட்டிருக்கிறார்கள். அலமாரியில் அதை வைக்க வேண்டிய இடம் 1984இன் ‘பர்ப்பிள் ரெய்’னுக்குப் பக்கத்தில்.