இரட்டை வடமும் ஒற்றை வழியும்

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றால் பிரிக்கப்பட்ட கேரி தீவிலே செம்பனை காடாய் விரிந்து கிடக்கிறது. அங்கும் தோட்டக் கணக்கு இன்று கணினியில்தான். இரு சர்வர்களை இரண்டு கம்பிகளால் பிணைத்தால் வேகம் இருமடங்காகும், ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும் என்பது பலரது நம்பிக்கை. அது எத்துணை மெய் என்பதற்குத் தந்திக் காலத்து வரலாறு விடை தருகிறது.

1870-71இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்திவடத்தால் இணைந்தன. அக்கால வடங்களுக்கு உறையாயிற்று மலாயாக் காடுகளும் தந்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். 1871இல் சாவகத்தின் கீழ்க்கோடியான பன்யுவாங்கியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு ஒரு வடம் சென்றது. 1872 ஆகஸ்டில் அக்கண்டத்தைக் கடக்கும் தரைக்கம்பி முடிந்தபோதோ கடல்வடம் பழுதுற்றுக் கிடந்தது. அக்டோபரில் அது சீரான பின்னரே அடிலெய்டின் செய்தி தடையின்றி இலண்டனை எட்டியது.

ஒற்றை வடத்தை நம்பலாகாது என்றுணர்ந்து 1880இல் அதே இரு முனைகளுக்கிடையே இரண்டாம் வடம் இட்டனர். ஆயின் 1888இல் இரண்டும் ஒருசேர அறுந்தன. எரிமலை அதிர்ச்சியே காரணம் எனக் கருதப்பட்டது. வடம் இரண்டு, கடற்படுகையோ ஒன்று. எனவே 1889இல் மூன்றாம் வடத்தை வேறு வழியாகப் புரூம் கடற்கரைக்குக் கொண்டு சென்றனர்.

சர்வர்களுக்கும் இது பொருந்தும். இரு கம்பிகளும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தால், அது நின்றவுடன் இரண்டும் ஓயும்.

வேகத்தின் செய்தி வேறு. 1 கிகாபிட் கம்பிகள் இரண்டு சேர்ந்தால் மொத்தம் 2 கிகாபிட் உண்மையே. ஆயினும் ஒரே கோப்பு பொதுவாக ஒரு கம்பியிலேயே செல்லும். துண்டுகளைப் பிரித்தனுப்பினால் பின்னது முன் வந்து வரிசை குலையும். 2000இல் வகுத்த இணைப்புத் திரட்டு நெறி அவ்வாறு குலையலாகாது என்கிறது. தீவுக்கு இரண்டு பாலமிருந்தால் லாரிகள் மிகுதியாகச் செல்லலாம். ஒரு லாரி அதனால் விரைந்தோடாது.

ஆகவே ஒரு கோப்பு மெல்லச் செல்வது கண்டு கம்பியைப் பழித்தல் தகாது. பல கணினிகளுக்கு ஒருங்கே அனுப்பிப் பார்க்க வேண்டும். மொத்த வேகம் உயர்ந்தால் பழுதில்லை. உயராவிடில் சர்வரிலும் ஸ்விட்சிலும் அமைப்பு ஒத்துள்ளதா என நோக்க வேண்டும். பின்னர் ஒரு கம்பியைக் கழற்றியும் சோதித்தல் நன்று. ஒன்று அறுந்தால் மற்றது காக்கிறதா என்பதை, இழப்பு நேருமுன் நாமே அறிந்துகொள்ள அஃதொரு வழி.