சாவி யார் கையில்?

1973-இல் அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்துக்கு, ஜெர்மனியின் உதவியில் ஐபிஎம் 370/155 வந்தது. நிரலைத் துளை அட்டைகளில் அடித்துக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை தாளில் அச்சாகி வரும். எந்த மென்பொருள், யாருக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கணினி மையத்தின் முடிவு.

அதனால்தான் எண்பதுகளில் வந்த பிசி விடுதலை போலிருந்தது. ஃபிளாப்பி சட்டைப்பையில், வேண்டியதை நாமே ஏற்றிக்கொள்ளலாம். கூடவே வைரஸும் ஏறியது. ஒரே கோப்பு நாலு மேசையில் நாலு விதமாக இருந்தது.

1983-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொடங்கிய அதீனா திட்டம் இதற்கு வழி தேடியது: வளாகத்தில் எந்தக் கணினியில் கடவுச்சொல் கொடுத்தாலும் உங்கள் கோப்புகள் அங்கே வந்து நிற்கும். விண்டோஸ் 2000-இல் வந்த ஆக்டிவ் டைரக்டரி, அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து ஆள வழிசெய்தது. ஆயிரம் கணினிகளின் ஓட்டையை ஒரே ராத்திரியில் அடைக்கலாம்; சின்ன விஷயமில்லை.

ஆனால் இன்று தி.நகர் ஆபீஸில் வால்பேப்பரை மாற்றக்கூட அட்மின் மனசு வைக்கணும். மையம் திரும்பி வந்துவிட்டது. அட்டைக் கட்டு காலத்திலாவது அதை வாங்கிக்கொள்ள எதிரே ஓர் ஆள் இருந்தார், 'ஏன் சார்?' என்று கேட்கலாம்.